வங்கிக்குக் கூடுதல் வரி: எந்த அணி கிடைத்தாலும் பட்டிமன்றத்தில் பேசுவது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்லூரிப் பட்டிமன்றத்துக்குப் பேர் கொடுத்திருந்தாள். தலைப்பு: நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் கூடுதல் வரி கட்ட வேண்டுமா, கூடாதா? எந்த அணி என்பது அன்று காலையில்தான் சீட்டுக் குலுக்கித் தெரியும். எழுதிக் கொண்டுவந்த நாலு பக்கத்தில் "பேராசை பிடித்த வங்கிகள்" என்று 11 இடத்தில் இருந்தது. நான் 31 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன். அதனால் கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன், சிரிப்புதான் வந்தது. அந்த நாலு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே மாதிரித் தலைப்பு உங்களுக்கு வந்தால் உதவும்.

முதலில் "வேண்டுமா, கூடாதா" என்பதை மறந்துவிடுங்கள். "எதன் மேல் வரி?" என்று கேளுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே சறுக்குகிறார்கள். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டன் ஒன்றல்ல, மூன்று விதமாக வரி போட்டுப் பார்த்தது. 2009 டிசம்பரில், 25,000 பவுண்டுக்கு மேல் போனஸ் கொடுத்தால் அந்த அதிகப்படிக்கு 50 சதவீதம் வரி என்றார்கள். அது சில மாதத்துக்கு மட்டும். 2011-இல் வங்கியின் பொறுப்புகள் மேல் ஒரு வரி. 2016-இல் லாபத்தின் மேல் 8 சதவீதம் கூடுதல். 2023-இல் அதை 3 ஆகக் குறைத்துவிட்டார்கள். மூன்றும் வங்கி வரிதான். ஆனால் மூன்றும் வேறு வேறு ஆளைக் கடிக்கும்.

நடுவில் உள்ளதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. பொறுப்புகள் என்றால் வங்கி ஊராருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். அதில் நம் டெபாசிட் ஒரு வகை. இன்னொரு வகை, சந்தையில் குறுகிய தவணைக்கு வாங்கும் கடன். ஜங்ஷனில் ஒரு கடைக்காரர் தினம் காலையில் தண்டல்காரரிடம் பணம் வாங்கித்தான் சரக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். ஒரு நாள் தண்டல்காரர் "இன்னைக்கு இல்ல" என்றால் கடை அன்றைக்கே மூடும். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்களே, அதற்குக் காரணம் இதுதான். டெபாசிட்டை விடச் சந்தைக் கடனை நம்பி ஓடிய வங்கி அது. அதனால்தான் பிரிட்டனின் வரி, காப்பீடு உள்ள டெபாசிட்டை விட்டுவிட்டது. முதல் 2,000 கோடி பவுண்டு பொறுப்புக்கும் வரி இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் தவணை உள்ள கடனுக்குப் பாதி விகிதம். பார்த்தீர்களா, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே அடி.

அடுத்த கேள்வி: வரியை யார் கட்டுவார்கள், யார் தலையில் விடியும்? இதற்கு லண்டன் வரை போக வேண்டாம். நம் நாட்டிலேயே வட்டி வரி என்று ஒன்று இருந்தது. 1974-இல் வந்து, இடையில் போய், 1991-இல் திரும்பி வந்து, 2000 மார்ச்சோடு ஒழிந்தது. வங்கி சம்பாதிக்கும் வட்டிக்கு 3 சதவீதம். 1997-இல் 2 ஆயிற்று. அது 3 ஆக இருந்த காலத்தில் நான் அம்பாசமுத்திரத்தில் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு அரிசி ஆலைக்காரர், பிசான அறுவடை முடிந்து கணக்குப் பார்க்க வந்தவர், பாஸ் புக்கை என் மேஜையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். காலாண்டு வட்டி 12,000 ரூபாய். அதற்குக் கீழே தனியாக 360 ரூபாய்.

"இது என்ன அண்ணாச்சி?"

"வட்டி வரி."

"வரி ஒங்க பேங்குக்குத்தான போட்டிருக்கு? எங் கணக்குல ஏன் பிடிக்கீய?"

என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது நல்ல பதில் இல்லை. அந்த வரிக்கு ஏற்பக் கடன்காரரிடம் வட்டியைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இடம் இருந்தது. வங்கி மேல் போட்ட வரி, ஆலைக்காரர் கணக்கில் மை காயாமல் உட்கார்ந்திருந்தது. "கூடாது" அணி கிடைத்தால் இந்தக் கதை உங்கள் கையில் இருக்கும் அரிவாள். "வேண்டும்" அணி என்றாலும் கவலை இல்லை. "வட்டி மேல் போட்டதால்தான் அப்படி ஆனது, போனஸ் மேல் போட்டிருந்தால் ஆலைக்காரருக்கு என்ன வந்தது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், எப்போது என்ற கேள்வி. குளத்துக் கரை உடைந்த பிறகு மண் அடிக்கக் காசு வசூலிப்பதா, வருடா வருடம் மராமத்துக்கு எடுத்து வைப்பதா? 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டாம். உடைந்த பிறகு வசூலிக்கும் வழியைத்தான் 2010 ஜனவரியில் ஒபாமா முன்வைத்தார்: 5,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள பெரிய நிறுவனங்களின் பொறுப்புக்கு 0.15 சதவீதம். அது சட்டமே ஆகவில்லை. அதே வருடம் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) ஜி-20 நாடுகளுக்குக் கொடுத்த அறிக்கை, முன்கூட்டியே வசூலிக்கும் பங்களிப்பைச் சிபாரிசு செய்தது. கனடா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வங்கி எதுவும் விழவில்லை, நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்றது. நியாயமான கேள்விதான்.

நம் நாட்டில் இந்த மராமத்துக் காசு ஏற்கெனவே இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். டெபாசிட் காப்பீட்டுக்காக ஒவ்வொரு வங்கியும் 100 ரூபாய் டெபாசிட்டுக்கு வருடம் 12 பைசா என்று கட்டி வந்தது. உங்கள் 5 லட்சத்துக்கு 600 ரூபாய். அதை உங்களிடம் வாங்கக் கூடாது என்பது விதி. காப்பீடு 5 லட்சம் வரைதான், ஆனால் பிரீமியம் அதற்கு மேல் உள்ள டெபாசிட்டுக்கும் சேர்த்துத்தான். ஒழுங்கான வங்கிக்கும் தறிகெட்ட வங்கிக்கும் ஒரே விகிதமாக இருந்தது. திடமான வங்கிக்குக் குறைத்து வாங்கும் முறை 2026-27 நிதியாண்டிலிருந்து வரும் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

எதிரணி ஒரு குண்டு வைத்திருக்கும்: அரசு வங்கிக்கு வரி போட்டால் இடது பையிலிருந்து வலது பைக்குத்தானே? 2017-இல் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனத் திட்டம் அறிவித்தது இதே அரசுதான். இதற்கு முழுப் பதில் கிடையாது, மழுப்பாதீர்கள். ஒத்துக்கொண்டு, தனியார் வங்கிப் பக்கம் நகருங்கள். அவசர வரி என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி போதும். 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு எதிர்பாராமல் கிடைத்த கூடுதல் லாபத்துக்கு வரி என்று அறிவித்தார்கள். வங்கிப் பங்குகள் சரிந்தன. வரிக்குப் பதில் அதைப் போல் இரண்டரை மடங்கை இருப்பு நிதியில் வைத்தால் போதும் என்று பின்வாங்கினார்கள். பெரிய வங்கிகள் அந்த வழியில் போய்விட்டன.

என்னைக் கேட்டால், நடந்ததற்குத் தண்டனையாகப் போடும் வரியில் எனக்கு நம்பிக்கை இல்லை. வங்கி வாங்கும் ஆபத்தான குறுகிய தவணைக் கடன் மேல் வருடா வருடம் கொஞ்சமாக வாங்குவது சரி. ஆனால் மேடையில் நடுநிலை பேசினால் மார்க் விழாது, சீட்டில் வந்த பக்கத்தையே பேசுங்கள்.

எண்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். பில்லியன் என்று சொல்லிவிட்டுக் கோடியில் தடுமாறாதீர்கள். ஒரு பில்லியன் 100 கோடி, வீட்டிலேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

எங்கள் பிள்ளைக்கு "கூடாது" அணி விழுந்தது. ஆலைக்காரர் கதையில்தான் ஆரம்பித்தாளாம். ஆனால் அம்பாசமுத்திரத்தைக் கல்லிடைக்குறிச்சி ஆக்கிவிட்டாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன்.

"நடுவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், தாத்தா."