ஸ்பிறிங் எயார் ரைபிள் குறி தப்புதோ? கழட்ட முதல் இதுகளைப் பாருங்கோ

எயார் ரைபிள் குறி தப்பத் தொடங்கினவுடன எங்கட ஆக்கள் செய்யிற முதல் வேலை ஸ்கோப்பைத் திருகிறதுதான். நேற்று இடப்பக்கம் போனது எண்டு வலப்பக்கம் ரெண்டு கிளிக், இண்டைக்கு மேல போகுது எண்டு கீழ நாலு கிளிக், கடைசியில ஸ்கோப் எங்க நிக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதை முதல்ல நிப்பாட்டுங்கோ. ஒரே வகைப் பெலட்டில (எயார் ரைபிளுக்குப் போடுற சின்னக் குண்டு), ஒரே குறிக்கு, ஸ்கோப்பைத் தொடாம ஐஞ்சு வெடி வையுங்கோ. ஐஞ்சும் ஒரு இடத்தில கூடி குறியை விட்டுத் தள்ளி விழுந்தா அதுதான் ஸ்கோப்பைத் திருக வேண்டிய கேஸ். அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தா நீங்கள் விடியவிடியத் திருகினாலும் ஒண்டும் நடக்காது. நான் சொல்லப்போறது அந்தச் சிதறலைப் பற்றித்தான்.

சுட்டுப் பாக்கிற இடத்தை ஒழுங்கா வையுங்கோ. 20 மீற்றர் காணும். சோளகம் அடிக்கிற மாசங்களில பத்து மணிக்குப் பிறகு வெட்டவெளி வயலில நிண்டு சுட்டா காத்தைத்தான் அளப்பியள், துவக்கை இல்லை, பெலட் அவ்வளவு லேசான சாமான். விடிய வெள்ளெனச் செய்யுங்கோ. அட்டைக்குப் பின்னால உரப்பையில மண் நிரப்பி அடுக்குங்கோ, மண்மூட்டை அடுக்க வன்னியில ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பனங்குத்தியை வைக்காதேங்கோ, வைரமான மரத்தில பட்டா பெலட் திரும்பி வரும். குளத்துப் பக்கமும் வேண்டாம், தண்ணியில பட்டும் தெறிச்சுப் போகும். அக்கம்பக்கத்துக்கு ஒரு சொல் சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ, வெடிச்சத்தம் கேட்டா சனம் இப்பவும் திடுக்கிடுற ஊர் இது, துவக்குக்குரிய பேப்பரும் கைவசம் இருக்கட்டும்.

இப்ப ஸ்குரூக்கள். சிரிக்காதேங்கோ, என்னட்ட "பெரல் வளைஞ்சு போச்சு அண்ணை" எண்டு, அதாவது குழல் வளைஞ்சது எண்டு, கொண்டு வாற துவக்குகளில கனக்க இதாலதான் பழுது. மரக்கட்டையில முன்பக்கம் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூ, ட்ரிகர் கார்ட்டில ஒண்டோ ரெண்டோ இருக்கும். ஸ்பிறிங் துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் உலுப்பிற உலுப்பில இதுகள் மெல்லமெல்ல இளகும். வெறுமனே இறுக்கினாக் காணாது, கழட்டி எண்ணையைத் துடைச்சு நீல நிற லொக்டைட் (ஸ்குரூ இளகாமப் பிடிக்கிற பசை) ஒரு துளி விட்டுப் பூட்டுங்கோ. சிவப்பு வேண்டாம், பேந்து கழட்ட ஏலாது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினா மரம் நசியும், அதுவும் பழுது. அப்பிடியே ஸ்கோப்பைத் துவக்கோட பிடிச்சு வைக்கிற மவுண்டில இருக்கிற ஸ்குரூக்களையும், ஸ்கோப் இல்லாட்டி முன் குறி, பின் குறி ரெண்டையும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ.

ஸ்குரூ சரியெண்டா அடுத்தது உங்கட கை. இதைத்தான் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டினம். ட்ரிகரை இழுத்தவுடன உள்ளுக்கு நடக்கிறது இதுதான்: பாரமான பிஸ்டனை ஸ்பிறிங் முன்னால தள்ளுது, துவக்கு பின்னால உதைக்குது, பிஸ்டன் அறை முடிவுக்கு வந்து அமுங்கின காத்தில முட்டி நிக்கேக்க துவக்கு திரும்ப முன்னால இழுபடுது. இவ்வளவும் தொடங்கேக்க பெலட் இன்னும் குழலுக்குள்ளதான் கிடக்கு. அதால துவக்கு எப்பிடி ஆடுதோ அப்பிடித்தான் பெலட் போகும். ஆட்டத்தை நிப்பாட்ட ஏலாது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட விடலாம், அவ்வளவுதான். ஆமிக்காரர் பெரிய துவக்கைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிச்சீங்களெண்டா ஒருக்கா இறுக்கம் கூட, ஒருக்கா குறைய, ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும்.

இடக்கையை விரிச்சு, கைக்குழந்தையின்ட தலையைத் தாங்கிற மாதிரி, உள்ளங்கையில துவக்கைச் சும்மா கிடத்துங்கோ, விரலால பொத்தாதேங்கோ. எந்த இடத்தில தாங்கிறியளோ அங்க ஒரு ரேப் துண்டு ஒட்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில பிடியுங்கோ, ட்ரிகர் கார்ட்டுக்குக் கிட்டவும் முன்னுக்குத் தள்ளியும் மாத்தி மாத்தி சுட்டுப் பாத்து எங்க குறூப் (வெடியள் கூடி விழுற வட்டம்) சின்னனா வருதோ அங்க ஒட்டுங்கோ. தோளில மெல்லமா முட்டினாக் காணும், கன்னத்தையும் அமத்தாதேங்கோ. துவக்கை நேர மேசையிலயோ கட்டையிலயோ வைச்சுச் சுடக்கூடாது, துள்ளி எழும்பும். மண்மூட்டைக்கு மேல உங்கட கை, கைக்கு மேல துவக்கு. வெடி போன பிறகும் ஒரு செக்கன் குறியைப் பாத்தபடி நில்லுங்கோ, எங்க பட்டது எண்டு தலையைத் தூக்கிற அவசரத்தில கெட்ட வெடிதான் கனக்க.

பிடி சரியாகினாப் பிறகும் சிதறுதெண்டா பெலட்டை மாத்துங்கோ. ஒரு பெரலுக்குப் பிடிச்ச பெலட் பக்கத்து வீட்டுக்காரன்ட அதே மொடல் துவக்குக்குப் பிடிக்காது, இதுக்குச் சூத்திரமெல்லாம் இல்லை, சுட்டுத்தான் பாக்கவேணும். 4.5 மில்லிமீற்றர் துவக்கெண்டா 7 தொடக்கம் 8.5 கிறெயின் (பெலட்டின்ட நிறை) வரை, 5.5 எண்டா 14 தொடக்கம் 16 வரை தேடுங்கோ, தலை உருண்டையா இருக்கிற பெலட்டில தொடங்குங்கோ. கூர்த்தலை பாக்க வடிவு, குறியில பெரும்பாலும் ஏமாத்தும். ஈயமில்லாத லேசான பெலட் வேகமாப் போகும், சத்தமும் போடும், கன துவக்குகளில சிதறும். டின்னைத் திறந்து பெலட்டின்ட பின்பக்கம் விரிஞ்சிருக்கிற ஓரத்தை, பாவாடை எண்டு சொல்லுறதை, பாருங்கோ, கிறவல் றோட்டில மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ள குலுங்கி வந்த டின்னெண்டா பாவாடை நசிஞ்சது கனக்கக் கிடக்கும், அதுகளைப் பொறுக்கி எறியுங்கோ. காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள சும்மா போட்டுத் திரியிற பழக்கத்தையும் விடுங்கோ.

ஸ்கோப்புக்கு வருவம். சாதாரண ரைபிள் ஸ்கோப் பின்னால உதைக்கிறதைத் தாங்கும், முன்னால இழுக்கிறதுக்கு அது செய்யப்படேல்லை, உள்ளுக்கு உடைஞ்சுபோகும். ஸ்பிறிங் துவக்குக்கெண்டே வாறதை வாங்குங்கோ, அதுகளில கனக்க, 10 மீற்றர் கிட்டத்தில இருக்கிற குறியும் தெளிவாத் தெரியிற மாதிரிச் சரிப்படுத்தலாம். மவுண்ட் பின்னால வழுகிதோ எண்டு அறிய பென்சிலால ஒரு கோடு கீறி விட்டு இருபது வெடிக்குப் பிறகு பாருங்கோ. பெரல் மடிக்கிற துவக்குகளில கனக்க, பெரல் கொஞ்சம் கீழ சாய்ஞ்சு நிக்கும், அதால ஸ்கோப்பை மேல மேலத் திருகி முடிவுக்கே கொண்டுபோவினம், முடிவில நிக்கிற ஸ்கோப் நிலையா நிக்காது. பின் மவுண்டுக்குக் கீழ மெல்லிய தகடொண்டு வைச்சா அந்தத் தலையிடி முடிஞ்சுது.

மடிக்கிற இடத்தில இருக்கிற ரப்பர் சீலைப் பாக்க, மூட்டுக்கு மேல ரிசு பேப்பர் துண்டொண்டு வைச்சு பெலட் போட்டுச் சுடுங்கோ. பேப்பர் பறந்தா காத்து லீக். மடிச்சுப் பூட்டின பெரலைப் பக்கவாட்டில ஆட்டிப் பாருங்கோ, ஆடினா அச்சு போல்ட்டை இறுக்கவேணும். பெலட் போடேக்க எப்பவும் ஒரு கையால பெரலைப் பிடிச்சிருங்கோ, தவறி ட்ரிகர் விட்டா பெரல் அடிச்சு விரல் போகும்.

சுடேக்க புகை வந்து, சத்தம் படாரெண்டு கூடிக் கேட்டா உள்ளுக்கு எண்ணை எரியுது. பிஸ்டன் காத்தை அமுக்கிற சூட்டில எண்ணை பத்துது, ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு வேகம், அதால மேலயும் கீழயும் சிதறும். புதுத் துவக்கில கொஞ்ச நாளைக்கு இது இருக்கும், தானா அடங்கும். பழசில வந்தா ஆரோ தையல் மெசின் எண்ணையோ தேங்காயெண்ணையோ ஓட்டைக்குள்ள விட்டிருக்கினம் எண்டு அர்த்தம். அது சீலையும் ஸ்பிறிங்கையும் சேர்த்துத் திண்டுபோடும். வெறுமனே பெலட் இல்லாம சுடுறதும் அப்பிடித்தான்.

பெரல் கழுவிறது எண்டா தங்கூசியை (நைலோன் மீன்பிடி நூல்) ரெண்டா மடிச்சு, மடிப்பில துணித்துண்டு செருகி, பெலட் போடுற பக்கத்திலயிருந்து வாய்ப்பக்கம் இழுங்கோ. கம்பி பிறஷ் வேண்டாம். கழுவினவுடன முதல் கொஞ்ச வெடி அலையும், பயப்படாதேங்கோ. மாரிக்குப் பிறகு கட்டாயம் ஒருக்கா இழுங்கோ, துரு பிடிச்சிருக்கும். குழல்வாய் ஓரத்தைக் காதுக்குடையிற பஞ்சுக் குச்சியால சுத்தித் தடவிப் பாருங்கோ, பஞ்சு ஒரு இடத்தில கொளுவினா அங்க காயம்.

இவ்வளவும் பாத்தும் சரிவரேல்ல, மடிக்கேக்க கரகரக்குது, வெடி பலமில்லாமப் போகுது எண்டா ஸ்பிறிங் உடைஞ்சிருக்கலாம். அதை வீட்டில கழட்டாதேங்கோ. உள்ளுக்கு அமுங்கி நிக்கிற ஸ்பிறிங் பின் மூடியோட முகத்துக்குப் பாயும், அமுக்கிப் பிடிக்கிற சட்டம் வைச்சிருக்கிற ஆளிட்டக் குடுங்கோ. புது ஸ்பிறிங் போட்டு வந்தா பழைய குறி நிக்காது, திரும்ப ஐஞ்சு வெடியில இருந்து தொடங்குங்கோ.