நீதிமன்றம் ஏற்கும் போதை மீட்புச் சிகிச்சையைத் தேடும் முறை

போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட, அப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவரை, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்கீழ், உடனே தண்டிக்காமல், அவருடைய சம்மதத்துடனும் பிணைப்பத்திரத்தின் பேரிலும் சிகிச்சைக்கு அனுப்ப இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிகிச்சை மையம் அரசு நடத்துவதாகவோ அரசின் அங்கீகாரம் பெற்றதாகவோ இருக்க வேண்டும். விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டுவதற்கு முன், அங்கீகாரச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சான்றைக் காட்டத் தயங்கும் மையத்தில் யாரையும் சேர்க்காதீர்கள்.

அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குவதே நல்லது என்பேன். போதைப் பழக்கத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருப்பது அரிதன்று, இரண்டையும் ஒரே இடத்தில் கவனிப்பது நோயாளிக்குப் பெரும் ஆறுதல். போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்களிலும் வழி கேட்கலாம்.

சேர்ந்த நாள் முதல் எல்லாச் சீட்டுகளையும் பாதுகாத்து வையுங்கள். ஓராண்டுக்கு மிகாமல் நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள், நேரில் முன்னிலையாகி, சிகிச்சையின் பலன் குறித்த அறிக்கையை அளித்தாக வேண்டும். இத்தகைய குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்தே விலக்களிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம்.