திருகோணமலைக்குப் புதுசா வந்த தமிழ்நாட்டு ஆக்களுக்கு: பிறசர் குளிசையும் தடிமனும்

வேலைக்கெண்டு இங்க வந்திறங்கிற ஆக்கள் வீட்டு வாடகை, சிம் கார்ட், உப்புவெளில நல்ல சாப்பாட்டுக்கடை எது எண்டெல்லாம் விசாரிப்பினம், கொண்டு வந்த மருந்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேக்கிறேல்லை. நான் வார்ட்ல கனகாலம் நிண்ட மிஸ்ஸி (நர்ஸ்), அதால எனக்கு அதுதான் முதல்ல வருது.

தமிழ்தானே, சமாளிக்கலாம் எண்டு நினைக்காதீங்கோ. இங்க மாத்திரைக்குப் பேர் குளிசை, ஜலதோஷம் தடிமன், நோய் வருத்தம், ரத்த அழுத்தம் பிறசர். சீனக்குடாப் பக்கம் வேலைக்கு வந்த ஒரு திருநெல்வேலித் தம்பியிட்ட டொக்டர் "என்ன வருத்தம்?" எண்டு கேக்க, அவர் "வருத்தமெல்லாம் இல்ல சார், ஊர் ஞாபகம்தான்" எண்டவர், ஓபிடி முழுக்க ஒரே சிரிப்பு. ஆனா அவருக்கு அண்டைக்குப் பிறசர் 160க்கு மேல.

ஊர்ல போட்ட குளிசையின்ர பிராண்ட் பேரை மட்டும் பாடமாக்கிக்கொண்டு வராதீங்கோ. டெல்மா எண்டு கேட்டா பாமசிக்காரர் முழிக்கலாம், டெல்மிசார்டன் 40 எண்டா விளங்கும். அதுவே டெல்மா ஹெச் எண்டா உள்ளுக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் எண்டு சலம் (சிறுநீர்) போக வைக்கிற மருந்தும் சேர்ந்திருக்கு, அந்த ஹெச்சைச் சொல்லாம விட்டா ஒரு மருந்துதான் உங்களுக்குக் கிடைக்கும். குளிசை முடிய ஒரு கிழமைக்கு (வாரத்துக்கு) முந்தியே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நடுவில விடவேண்டாம், முக்கியமா அட்டெனோலோலை சடாரெண்டு நிப்பாட்டினா நெஞ்சு படபடத்து பிறசர் எகிறும்.

இனி தடிமன். மூக்கடைப்புக்கு கடையில குடுக்கிற கன குளிசையில ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் எண்டு ஏதாவது இருக்கும். அது மூக்குக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் அடைப்பை எடுக்குது, ஆனா மூக்கோட நிக்காம உடம்பு முழுக்க அதே வேலையைப் பாக்க பிறசர் ஏறுது. உடம்பு உளைவுக்கு (வலிக்கு) போடுற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபனும் அப்படித்தான், பிறசரையும் கூட்டி கிட்னியையும் சோதிக்கும். அதால கடையில வாய் திறந்ததும் முதல் வசனம் "எனக்குப் பிறசர் இருக்கு" எண்டதா இருக்கோணும்.

தடிமனுக்குப் பயமில்லாமத் துவங்கக்கூடியது பனடோலும் (பாராசிட்டமோல்) உப்புத்தண்ணிக் கொப்பளிப்பும்தான். இங்கத்தைய பனடோல் 500 மில்லிகிராம், நீங்க பழகின டோலோ 650, ரெண்டையும் கலந்து எண்ணிக் குழம்பாதீங்கோ, பெரியாக்களுக்கு 24 மணித்தியாலத்துக்கு 4 கிராம்தான் எல்லை, அதாவது 500ல எட்டு. தண்ணியில நுரைக்க நுரைக்கக் கரையுற வகையில சோடியம் இருக்கு, பிறசர்காரருக்கு அது சரிவராது. கொத்தமல்லி இஞ்சி அவிச்சுக் குடியுங்கோ, நானும் குடிக்கிறனான், ஆனா இருமலுக்கெண்டு அதிமதுரத்தை நாள்கணக்காச் சப்பினா பிறசர் ஏறி பொட்டாசியம் குறையும். பாட்டி வைத்தியம்தானே எண்டா எல்லாம் சும்மா இல்லை.

தடிமன் மாறியும் வறட்டு இருமல் மட்டும் நிக்குதெண்டா குளிசைப் பேரைப் பாருங்கோ. எனலாப்ரில், லிசினோப்ரில் எண்டு 'ப்ரில்'ல முடியுற பிறசர் குளிசையள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். ஒராள் மாசக்கணக்காப் பாணி மருந்து (இருமல் சிரப்) குடிச்சுக் களைச்சு வந்தவர், டொக்டர் லொசார்டன் எண்ட வேற வகைப் பிறசர் குளிசைக்கு மாத்த கொஞ்ச நாளில இருமல் போய்ட்டு. நீங்களா மாத்தாதீங்கோ. 'ப்ரில்' போடுறவைக்கு உதடு, நாக்கு வீங்கினா அது இருமல் கதை இல்லை, உடன ஆஸ்பத்திரி.

அன்டிபயோடிக் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம், தடிமன் வைரஸால வாறது, அன்டிபயோடிக்குக்கு அது கேக்காது.

ஒக்டோபருக்குப் பிறகு இங்க மாரி மழை, நுளம்பும் (கொசுவும்) கூட. மூக்கு ஓடாம கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால நோவும் எண்டா டெங்குவா இருக்கலாம், அப்ப பனடோலைத் தவிர வேற நோக்குளிசை தொடவேண்டாம், டொக்டரிட்டப் போய் ரத்தம் சோதியுங்கோ. நெஞ்சு நோவு, மூச்செடுக்கக் கஷ்டம், வாய் கோணுறது எண்டா 1990க்கு அடியுங்கோ, உங்கட 108 மாதிரி, காசில்லாத அம்புலன்ஸ். வந்தவுடன என்ன குளிசை போடுறீங்க எண்டுதான் கேப்பினம், குளிசை அட்டையை இப்பவே ஃபோன்ல படம் எடுத்து வையுங்கோ, பேரும் மில்லிகிராமும் தெளிவாத் தெரியுற பக்கமா.