அப்பா, அம்மாவுக்கு இரவில் தூக்கம் வரவில்லையா? மாத்திரைக்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள்

இரவு எட்டரைக்குப் படுத்த அப்பா இரண்டரை மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டால் வீடே கலங்கிவிடுகிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் அவர் ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறார். தூக்கம் வரவில்லையா, இல்லை தப்பான நேரத்தில் வந்து போய்விட்டதா? இதைப் பிரித்துப் பார்க்காமலே தூக்க மாத்திரைக்குப் போய்விடுகிறோம். பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் இரண்டு வாரப் பொறுமையும் போதும்.

வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. லேசான சத்தத்துக்கும் விழிப்பு வருகிறது. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் முன்னால் நகர்வதால், சாயங்காலமே கண் சொக்கி விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். இவை இயல்பான மாற்றங்கள். ஆனால் "வயசானா தூக்கம் தேவையில்லை" என்பது தவறு. 65 வயதுக்கு மேலும் 7 முதல் 8 மணி நேரம்தான் பொதுவான பரிந்துரை.

படி 1: எழுதுங்கள்

தினமும் காலையில், படுத்த நேரம், தூங்கிய நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு, எதனால், கடைசியாகப் படுக்கையை விட்டு எழுந்த நேரம் எல்லாவற்றையும் குறியுங்கள். உத்தேசமாக இருந்தால் போதும். இரவில் மணி பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் இன்னும் கெடும். பகல் தூக்கம், காபி, டீ, மாத்திரைகளும் நோட்டில் வர வேண்டும். முக்கியமாக, சீரியல் பார்த்தபடியே நாற்காலியில் கண் அசந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். இரவுத் தூக்கத்தை அதுவும் தின்றிருக்கும்.

படி 2: கணக்குப் போடுங்கள்

மேலே சொன்ன அப்பா ஐந்தரை வரை புரண்டுவிட்டு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் 9 மணி நேரம், தூக்கம் 6 மணி நேரம். அதாவது சுமார் 67 சதவீதம். இது 85 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அவருக்குத் தூக்கம் குறைவு என்பதைவிட, படுக்கையில் கிடக்கும் நேரம் அதிகம் என்பதுதான் சரி.

படி 3: படுக்கும் நேரத்தைத் தள்ளுங்கள்

இந்தப் படிதான் உண்மையில் வேலை செய்வது, கடினமானதும் இதுதான். எழும் நேரம் தினமும் ஐந்தரை என்று நிலையாக இருக்கட்டும். தூங்கும் ஆறு மணி நேரத்தோடு அரை மணி நேரம் சேர்த்து, படுக்கும் நேரத்தைப் பதினொன்றுக்குக் கொண்டுபோங்கள். எட்டரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அவரோடு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும், இல்லாவிட்டால் கண் சொக்கிவிடும். ஒரு வாரம் கழித்து 85 சதவீதம் எட்டினால், கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். இப்படியே வாரம் வாரம் கூட்டுங்கள். படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்க வேண்டாம். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள், அடிக்கடி தடுமாறி விழுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காரட்டும், கண் சொக்கும்போது திரும்பப் படுக்கட்டும். போகும் வழியில் மிதியடி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது.

படி 4: வெளிச்சம், காபி, பகல் தூக்கம்

அதிகாலை நடை நல்லதுதான். ஆனால் மூன்று மணிக்கே விழிப்பவருக்கு மாலை வெளிச்சம்தான் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். ஐந்து மணி வாக்கில் வெளியே நடக்கச் சொல்லுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்: குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் பாதி உடலில் இருக்கும். பகலில் தூங்கினால் மூன்று மணிக்குள், அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல்.

படி 5: பாத்ரூம் போகும் விழிப்பு

பகல் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் கணுக்காலில் நீர் தேங்கும். படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால் இது குறையும். பிபிக்கோ வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுத்தால், அதைக் காலையில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரையும் ப்ராஸ்டேட்டும் காரணமாகலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது.

படி 6: நோட்டோடு டாக்டரிடம்

பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. படுத்ததும் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை என்றால் இரும்புச் சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கனவில் கத்துவதும் எட்டி உதைப்பதும் பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே வரக்கூடிய அறிகுறி, அதனால் நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். விடியும் முன் விழிப்போடு எதிலும் நாட்டமில்லாமல் போனால் மனச்சோர்வாக இருக்கலாம்.

அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களுக்குத் தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் தரும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிப்போக ஒரு இரவு போதும். ஏற்கெனவே பல மாதமாக அல்பிரசோலம் எடுப்பவர் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதனால் நோட்டோடு சேர்த்து, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.