குதிரைச் சண்டை விதிகள்: மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்காட்டு நவாபுகள் காலத்தைக் களமாக வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி மேசையில் ஆடும் கதை விளையாட்டு) ஆட உட்கார்ந்தால், வேலூர்க்காரர்கள் முதலில் கேட்பது குதிரைதான். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் வேறென்ன கேட்பார்கள்? தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூல் இதைப் பற்றிச் சொன்னது கொஞ்சம், சொல்லாமல் விட்டது நிறைய.

பாதித் தகராறு, குதிரையையும் ஆளையும் ஒரே உருவமாக நினைப்பதில் தொடங்குகிறது. விதிப்படி இரண்டும் தனித்தனி உயிர்கள். ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) தனி, ஆக்‌ஷனும் (தன் முறை வரும்போது செய்யும் செயல்) தனி. அதனால் ஏறும்போதே கேட்டுவிடுங்கள்: அடக்கி ஓட்டுகிறீர்களா, அதன் போக்கில் விடுகிறீர்களா? அடக்கி ஓட்டினால் குதிரை உங்கள் இனிஷியேட்டிவுக்கு (சண்டையில் முறை வரும் வரிசைக்கு) வந்துவிடும். ஆனால் டேஷ் (கூடுதலாக ஓடுவது), டிஸ்எங்கேஜ் (அடிபடாமல் விலகுவது), டாட்ஜ் (அடிக்குத் தப்பப் பார்ப்பது) இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்யும், மிதிக்காது. 400 பொற்காசு கொடுத்துப் போர்க்குதிரை வாங்கியவருக்கு ஏமாற்றம்தான், இருந்தாலும் விதி அதுதான். மிதிக்க வேண்டுமானால் அதன் போக்கில் விட வேண்டும். அப்போது அது தன் டர்னில் (முறையில்), தன் இஷ்டப்படி ஓடும். உங்கள் டர்ன் வரும்போது எதிரி ஈட்டிக்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம். ரெடி ஆக்‌ஷன் (அடியைத் தயாராக வைத்துச் சமயம் வரும்போது அடிப்பது) வைத்து, குதிரை நெருங்கும்போது குத்தலாம்; ரியாக்‌ஷன் (அடுத்தவர் முறையில் செய்யும் எதிர்வினை) செலவாகும்.

சரி, அடக்கி ஓட்டும் குதிரையின் ஓட்டத்துக்கு நடுவில் குத்திவிட்டு அப்படியே போய்விடலாமா? இனிஷியேட்டிவ் ஒன்று என்கிறது நூல். டர்னும் ஒன்றா என்று தெளிவாகச் சொல்லவில்லை. நான் அனுமதிப்பேன். அந்தப் பாய்ச்சல் இல்லாவிட்டால் குதிரைப்படைக்கு என்ன அழகு? ஆனால் குதிரை டிஸ்எங்கேஜ் செய்தால், விலகிப்போகும்போது எதிரிக்குக் கிடைக்கும் இலவச அடி குதிரை மேலும் விழாது, சொந்தக் காலில் நகராத உங்கள் மேலும் விழாது. எதிரிகளிடம் கத்தி மட்டும் இருந்தால் சண்டை ஒருதலையாகிவிடும். அவர்களுக்கு வில்லையும் கொடுத்துவிட்டு அனுமதியுங்கள்.

அடுத்தது இடம். கிரிட்டில் (கட்டம் போட்ட சண்டை வரைபடத்தில்) குதிரைக்கு நான்கு கட்டம், யானைக்கு ஒன்பது. மேலே இருப்பவர் எந்தக் கட்டத்தில்? நூலில் பதில் இல்லை. எல்லாக் கட்டத்திலும் என்று வைத்தால் அவர் ஆயுதம் எல்லாப் பக்கமும் எட்டும். எதிரியின் ஆயுதமும் அப்படியே அவரை எட்ட வேண்டும். தாக்கும்போது எல்லாக் கட்டமும், அடி வாங்கும்போது ஒரே கட்டம் மட்டும் என்று ஆடுவது மோசமான தவறு.

யானையின் உடம்பு மேலே இருப்பவரை மறைக்கும் என்று டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) கவர் (மறைவுக்கான தற்காப்பு) கொடுப்பதும் உண்டு. வேண்டாம். 1749 ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் கான் யானை மேல் இருக்கும்போதுதான் சுடப்பட்டு இறந்தார். உயரத்தில் இருப்பவர்தான் குறிக்கு முதலில் அகப்படுவார்.

ஏற, இறங்க உங்கள் வேகத்தில் பாதி போகும். 30 அடி வேகக்காரருக்கு 15 அடி. நீள ஈட்டியால் (லான்ஸ்) 5 அடிக்குள் இருப்பவனைக் குத்தினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). அப்புறம், குதிரை தடுக்கி விழுந்தால் ரியாக்‌ஷன் செலவழித்து நின்றபடி இறங்கலாம். அதை முன்பே ரெடி ஆக்‌ஷனில் செலவழித்தவர் குதிரையோடு தரையில் விழ வேண்டியதுதான்.