மனதில் தோன்றிய மெட்டை முழுப் பாட்டாக்குவது எப்படி? மியூஸ்கோரில் எழுதி, ரீப்பரில் பதியும் முறை

மெட்டு ஒன்று தோன்றியதும் பலர் நேராக ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். எந்த ரிவர்ப் (எதிரொலி போன்ற ஒலி விளைவு) நன்றாயிருக்கும் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும், சரணம் பிறக்காது. ஸ்வரங்கள் முடிவாகும்வரை நொட்டேஷன் (மெட்டைக் குறியீடுகளாக எழுதுவது), முடிவான பிறகே ரெக்கார்டிங் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு, எழுத மியூஸ்கோர் ஸ்டுடியோ, பதிய ரீப்பர் என்ற இரண்டு மென்பொருள்கள் போதும். முன்னது இலவசம். பின்னதை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

பழகுவதற்கு மோகன ராகத்தில், ஆதி தாளத்தில் ஒரு பல்லவி போடுவோம்.

படி 1: பாடி வையுங்கள்

கையால் தாளம் போட்டபடி, மெட்டை போனில் பாடிப் பதியுங்கள். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

படி 2: எழுதுங்கள்

மியூஸ்கோரில் புதிய ஸ்கோர் திறந்து புல்லாங்குழல், வயலின், செல்லோ மூன்றையும் சேருங்கள். டைம் சிக்னேச்சர் 4/4, டெம்போ (வேகம்) 80. ஆதி தாளத்தின் 8 அட்சரங்கள் (தாள எண்ணிக்கைகள்), ஒரு பாருக்கு நான்கு என்று, இரண்டு பார்களில் கச்சிதமாக அடங்கும். முதல் இரண்டு பார்களைக் காலியாக விடுங்கள். பின்னால் பாடுகிறவர் தாளத்தைப் பிடித்துக்கொள்ள அந்த ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) உதவும்.

மோகனத்தின் ச ரி க ப த, ஒரு கட்டை (சி) சுருதியில் சி, டி, இ, ஜி, ஏ. கீபோர்டில் ‘என்’ எழுத்தை அழுத்தினால் நோட் போடும் நிலை வரும். அடுத்து கால அளவு: 5 என்றால் ஓர் அட்சரம், 4 என்றால் அரை, 6 என்றால் இரண்டு. ‘கபதப’ என்று விரைவாகப் போக வேண்டுமா? 4-ஐ அழுத்தி இ, ஜி, ஏ, ஜி என்று தட்டுங்கள், இரண்டு அட்சரத்தில் நான்கு ஸ்வரமும் உட்கார்ந்துவிடும். ஸ்தாயி மாறி விழுந்தால் கன்ட்ரோலோடு மேல் அல்லது கீழ் அம்புக்குறி.

கமகத்தை, அதாவது ஸ்வரங்களின் அசைவையும் இழைவையும், மட்டும் எழுத முயலாதீர்கள். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவில் (வழுக்கிக்கொண்டு) போக நினைத்தால், ஸ்கோரில் அந்த இரண்டு நோட் இருந்தால் போதும். சின்னச் சின்ன நோட்டுகளாக உடைத்து எழுதினால் கம்ப்யூட்டர் அதைப் படிப்படியாகத் தட்டித்தான் வாசிக்கும். அந்த இழைவு மனிதக் குரலிலும் குழலிலும் வரவேண்டியது. அதற்காகத்தான் பதிவே செய்கிறோம்.

செல்லோவுக்கு நீண்ட ச, ப. வயலினுக்கு இடையிடையே பதில் சொல்லும் வரிகள். பாடப்போகிறவர் ஐந்து கட்டைக்காரர் (ஜி சுருதியில் பாடுபவர்) என்றால், ஸ்கோர் முழுவதையும் இப்போதே ஜி-க்கு டிரான்ஸ்போஸ் செய்யுங்கள் (சுருதி மாற்றுங்கள்). ஆடியோவான பின் சுருதியை இவ்வளவு தூரம் நகர்த்தினால் ஒலி கெட்டுவிடும்.

படி 3: ரீப்பருக்குக் கொண்டுபோங்கள்

மியூஸ்கோர் மிக்சரில் ரிவர்பைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் ஃபைலாக, 48000 ஹெர்ட்ஸில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ரீப்பரில் எதையும் சேர்ப்பதற்கு முன் டெம்போவை 80 ஆக்குங்கள். புதிய ப்ராஜெக்ட் 120-இல்தான் திறக்கும். உங்கள் பாட்டில் ஒரு பார் 3 விநாடி, 120-இல் அது 2 விநாடி. அப்படியே விட்டால் இரண்டாவது பாரிலேயே கிளிக் (ரீப்பர் போடும் தாள ஒலி) ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்றாகிவிடும். ப்ராஜெக்ட் செட்டிங்கில் சாம்பிள் ரேட்டையும் 48000 ஆக்குங்கள். பிறகு ஃபைல்களை ஒன்றாக இழுத்துப் போட்டு, தனித்தனி டிராக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும்.

படி 4: பதியுங்கள்

கன்ட்ரோல்-டி (T) அழுத்தினால் புது டிராக். அதன் சிவப்பு பட்டனை அழுத்தி, மைக் இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். உரக்கப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அளவில் நின்றால் நல்லது. ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே பாடினால் செல்லோவும் மைக்கில் ஏறிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. கன்ட்ரோல்-ஆர் அழுத்திப் பாடத் தொடங்குங்கள்.

நிஜப் புல்லாங்குழல் வாசிப்பவர் கிடைத்தால் ஸ்கோரை பிடிஎஃப்பாக அனுப்புங்கள். அவர் வாசித்ததும் கம்ப்யூட்டர் குழலை மியூட் செய்யுங்கள். வாத்தியங்களை இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம்.

பாடும்போது வயலின் வரி பொருந்தவில்லை என்று தோன்றினால், ஆடியோவை வெட்டி ஒட்டாதீர்கள். மியூஸ்கோருக்குத் திரும்பி, அந்த வரியைத் திருத்தி, வயலினை மட்டும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பழையதன் இடத்தில் வையுங்கள். இப்படிச் செய்தால் ஸ்கோரும் பதிவும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

கடைசியில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஆர் அழுத்தி, எல்லா டிராக்கும் சேர்ந்த ஒரே ஃபைலாக, 24 பிட் வேவில் ரெண்டர் செய்யுங்கள். நண்பர்களுக்கு அனுப்ப எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.