கிரகித்தல் படிப்பிக்கும்போது விடும் பிழைகள்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் இளையவர்கள் பலர், ஊர்ச் சனசமூக நிலையங்களில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுத்து, கிரகித்தலும், அதாவது ஒரு பந்தியை வாசித்து விளங்கி விடை எழுதுவதும், படிப்பிக்கிறார்கள். மெச்ச வேண்டிய வேலை. ஆனால் போய் இருந்து பார்த்தால், நாங்கள் தொடங்கிய காலத்தில் விட்ட அதே பிழைகள்தான் இப்பவும் நடக்கின்றன. அடிக்கக்கூடாது, ஏசக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம்.

சொல்லைத் தேடி வரியை எழுத வைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். "கேள்வியில இருக்கிற சொல்லைப் பந்தியில தேடு, அந்த வரியை அப்படியே எழுது" என்று பழக்கிவிடுகிறார்கள். சின்ன வகுப்பில் இதற்குப் புள்ளியும் விழும், வீட்டிலும் சந்தோஷம். தரம் எட்டு, ஒன்பதுக்கு வந்து "ஏன்" என்று கேட்கும்போதுதான் பிள்ளை அப்படியே நின்றுவிடும்.

அண்மையில் ஒரு வகுப்பில் கொடுத்த பந்தி இது: "வானம் இருண்டது. அம்மா முற்றத்துப் பாயில் பரப்பியிருந்த புழுக்கொடியலை அள்ளத் தொடங்கினார். கண்ணன் கொப்பியை மூடிவிட்டு ஓடினான்." (புழுக்கொடியல் என்பது அவித்துக் காயவைக்கிற பனங்கிழங்கு.) கண்ணன் ஏன் கொப்பியை மூடினான் என்பது கேள்வி. ஒரு பிள்ளை அழகான கையெழுத்தில் எழுதியிருந்த விடை: "கண்ணன் கொப்பியை மூடிவிட்டு ஓடினான்." படிப்பித்தவர் சிவப்புப் பேனையால் வெட்டி, சரியான விடையைத் தானே எழுதிவிட்டு அடுத்த கொப்பிக்குப் போய்விட்டார்.

நான் தாளை மூடிவிட்டுக் கேட்டேன், "அம்மா ஏன் அள்ளுறா?"

"மழை வரப்போகுது ரீச்சர், நனைஞ்சா பூஞ்சணம் பிடிச்சிடும்."

"அப்ப கண்ணன்?"

"அம்மாவோட சேர்ந்து அள்ள ஓடுறான்."

மழை என்ற சொல்லே பந்தியில் இல்லை, பிள்ளை தானாக யோசித்து எடுத்தது. அந்த யோசனையைத் தாளில் எழுத விடாமல் மறித்தது நாம் பழக்கிய குறுக்குவழிதான்.

சொல்லைத் தேடி எழுதினால் விளங்கியதாகாது என்பதை நம்பாவிட்டால், "சிமுக்கன் தறுக்கைப் பிளுந்தினான்" என்று அர்த்தமே இல்லாத ஒரு வரியை எழுதி, பிளுந்தியவன் யார், எதைப் பிளுந்தினான் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் சரியாக எழுதுவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

அதனால் மூன்று நான்கு வரி போதும். வாசித்ததும் தாளை மூடிவிட்டு, வீட்டில் கதைக்கிற மாதிரியே நடந்ததைச் சொல்லவிடுங்கள். பிறகு தாளைத் திறந்து "எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னாய்?" என்று கேளுங்கள். எழுத்துத்தமிழில் எழுதுவது கடைசி வேலை, அதை முதலில் வைத்தால் விளங்கிய பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும்.

'சொல்ல முடியாது' என்ற விடையை மறப்பது

மழை பெய்தால் போட்டி நடக்காது. போட்டி நடக்கவில்லை. மழை பெய்ததா? ஓம் என்று வகுப்பே கத்தும். நடுவர் வராமலும் இருந்திருக்கலாம் அல்லவா? இப்படியான கேள்வியைக் கிழமைக்கு ஒன்றாவது கொடுங்கள், சரி பிழை இரண்டுக்கும் அப்பால் ஒரு விடை இருப்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

இடைச்சொல்லைத் தாண்டிப் போவது

"பஸ் பிந்தினாலும் நேரத்துக்கு வந்தார்" என்பதை, அவர் பிந்தி வந்தார் என்று எடுக்கிற பிள்ளைகள் நிறைய. அந்த 'உம்'மில் நின்று கேளுங்கள்.

தடக்காமல் வாசித்தால் விளங்கிவிட்டது என்று எண்ணுவது

அப்படி இல்லை, தடக்காமல் வாசிக்கிற பிள்ளைக்கும் விளங்காமல் இருக்கலாம்.

விடையை உடனே சொல்லிவிடுவது

கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

முதல் நாளே கடந்தகால வினாத்தாள்

வேண்டாம். ஒரு பந்தியைத் தன் வாயால் சொல்லத் தெரிந்த பிறகு கொடுங்கள்.